சட்டி ஏறாத கோழி

எலும்பில்லாமல் அரைக்கிலோ வேண்டும் என்றதும் கோழிக்கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எலும்பில்லாமலா? ஊருல இருந்து பிள்ளைக வந்திருக்கா?"

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கேட்டிருக்க மாட்டார், நல்ல மனுஷன். ஆமாம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் பையை வாங்கிக்கொண்டு நகர்ந்தேன். ஆயுசு பூராவும் அருப்புக்கோட்டை, திருச்சுழி என்று கண்டக்டர் வேலை பார்த்தவன் நான். பதில் சொல்லாமல் அடுத்த ஆளிடம் நகர்வது எனக்குக் கைவந்த கலை.

ஆனால் அந்தப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நடக்கத்தான் கூச்சமாக இருந்தது. என் வீட்டுக்குக் கோழி போகிறது என்றால் அதற்கு ஓர் அர்த்தம் உண்டு. அதைச் சொல்லிவிடுகிறேன்.

என் மனைவி மாசி மாதம் இறந்துபோனாள். அன்றிலிருந்து என் வாயில் கறி படவில்லை. பக்தி கிடையாது. டாக்டரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் வகையறாவில், சாவு நடந்த வீட்டில் அவர்களாகவே கறி சமைத்துக்கொள்ளக் கூடாது, வெளியிலும் தொடக் கூடாது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு உறவில் ஒருவர் வந்து, ஆட்டுக்கறி எடுத்து, அந்த வீட்டு அடுப்பிலேயே சட்டி ஏற்றிக் குழம்பு வைத்து, துக்கத்தில் இருப்பவரை உட்கார வைத்துப் பரிமாற வேண்டும். அதோடு துக்கம் முடிந்தது என்று கணக்கு. பெண்டாட்டியைப் பறிகொடுத்தவனுக்கு இதைச் செய்ய வேண்டியது பெண்டாட்டியின் பிறந்த வீடு. அவளுக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருந்தது ஒரே ஒரு தம்பி. மல்லாங்கிணற்றில் இருக்கிறான்.

பதினாறாம் நாள் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வர்ற ஞாயித்துக்கிழமை நாங்க ரெண்டு பேரும் வந்து கறி எடுத்துப் போட்டுர்றோம் மச்சான்" என்றான். அந்த ஞாயிறு வருவதற்குள் அவர்கள் ஊரில் அம்மன் கோயில் பொங்கல் சாட்டி, காப்பும் கட்டிவிட்டார்கள். காப்புக் கட்டிய ஊர்க்காரன் கேத வீட்டுக்கு வரமாட்டான், கறியையும் தொடமாட்டான். நியாயம்தான். பொங்கல் முடிந்தது. பிறகு அவன் மகளுக்குப் பரீட்சை என்று கேள்விப்பட்டேன். பிறகு எதையும் கேள்விப்படவில்லை.

நான் போன் பண்ணியிருக்கலாமே என்று தோன்றும். வந்து எனக்குக் கறி போடு என்று எப்படிக் கேட்பது? கேட்டு வாங்கிச் சாப்பிட்டால் அதற்கும் ஓட்டல் சாப்பாட்டுக்கும் என்ன வித்தியாசம்? எனக்குக் கொஞ்சம் ரோஷம் உண்டு. கொஞ்சம் என்ன, தேவைக்கு மேலேயே உண்டு. சர்வீஸில் இருந்தபோது சில்லறைக்காக என்னிடம் சண்டை போட்டவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஆகவே ரசம், பருப்பு, கத்திரிக்காய் என்று நாள் ஓடியது. விசேஷ வீடுகளில் பிரியாணிப் பந்தியைத் தாண்டிப்போய் சைவப் பந்தியில் உட்காருவேன். "இன்னுமாண்ணே யாரும் வரல?" என்று பக்கத்து இலைக்காரர் கேட்பார். "மச்சினன் வரணும்" என்பேன். ஊருக்கே இந்தப் பதில் பழகிவிட்டது.

சமையல் எனக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. அவள் இல்லாத குறை அடுப்படியில் தெரியவில்லை. சாப்பிட்டுத் தட்டோடு எழுந்திருக்கும்போதுதான் தெரியும். 'போதுமா, இன்னும் கொஞ்சம் போடவா' என்று கேட்க ஒரு சத்தம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இருக்காது. அந்த நேரத்துக்கு டிவியைச் சத்தமாக வைத்துப் பார்த்தேன். டிவி என்னிடம் எதையும் கேட்கவில்லை.

ஆவணியில் ஒருநாள் மோட்டார் ஸ்விட்சுக்கு டெஸ்டர் தேடிப் பரணில் ஏறியபோது அந்தக் கம்பிகள் கிடைத்தன. விருதுநகர் பங்குனிப் பொங்கல் பொருட்காட்சியில் அவள் வாங்கியவை. மரக்கைப்பிடி போட்ட ஆறு எவர்சில்வர் கம்பிகள். அங்கே ஓர் ஆள் கோழித்துண்டையும் குடைமிளகாயையும் கோர்த்து, கரி அடுப்பில் சுட்டுக் காட்டிக்கொண்டிருந்தான். அவள் இமைக்காமல் பார்த்துவிட்டு, "எந்தம்பி வீட்டுல நாலு பேரு, நம்ம ரெண்டு பேரு, ஆளுக்கு ஒண்ணு" என்று வாங்கிக்கொண்டாள். வாங்கியதோடு சரி. பனங்கிழங்கு வெந்துவிட்டதா என்று குத்திப் பார்க்க ஒன்றும், சிங்கில் அடைப்பு எடுக்க ஒன்றும் பயன்பட்டன. மற்ற நான்கும் அட்டைப்பெட்டியிலேயே கிடந்தன. நாலு பேரும் சேர்ந்து வந்த நாளில் எல்லாம் வழக்கமான குழம்புதான் வைத்தாள். 'வந்தவுகள வச்சுக்கிட்டு வெளாட்டுக் காட்ட முடியுமா' என்பாள்.

கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு பரணுக்குக் கீழே நின்றபோது என் கண்டக்டர் மூளை வேலை செய்தது. விதி என்ன சொல்கிறது? கறி ஆகக் கூடாது. எங்கள் பக்கம் கறி என்றால் ஆடு. கோழியைக் கோழி என்றுதான் சொல்வோம். அடுப்பில் சட்டி ஏறக் கூடாது. சரி, அடுப்பும் வேண்டாம், சட்டியும் வேண்டாம், குழம்பும் வேண்டாம். மொட்டைமாடியில் கரி போட்டுக் கம்பியில் சுட்டால் அது எந்த விதியில் வரும்? செக்கிங் இன்ஸ்பெக்டரே வந்தாலும் எழுதுவதற்கு ஒன்றும் கிடைக்காது. அன்று எனக்கு என்மேலேயே பெருமையாக இருந்தது. ஆறு மாதத்தில் நான் சிரித்தது அன்றுதான்.

செய்முறையைப் போனில் பார்த்தேன். ஒரு பெண் அழகாகச் சொல்லிக்கொடுத்தது. கெட்டித் தயிர், இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்ப்பொடி, மஞ்சள், மிளகு, எலுமிச்சை, ஒரு கரண்டி எண்ணெய். எல்லாவற்றையும் பிசறி இரண்டு மணி நேரம் ஊறவிட வேண்டும். "உங்க வீட்ல இருக்கிற எல்லாரும் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவாங்க" என்று முடித்தது. எல்லாருமா என்று நான் போனைப் பார்த்துக் கேட்டேன். வீட்டில் யாரும் இல்லை என்பதால் சத்தமாகவே கேட்டேன்.

இஸ்திரி வண்டிக்காரரிடம் ஒரு பை கரி வாங்கினேன். வீடு கட்டியபோது மிஞ்சிய சாந்துச் சட்டியை மூன்று செங்கல் மேல் வைத்துக் கரியைக் கொட்டினேன். சாந்துச் சட்டியும் சட்டிதானே என்று ஒரு சந்தேகம் வந்தது. கோழி அதற்குள் போகவில்லை, மேலேதான் இருக்கிறது என்று தள்ளுபடி செய்தேன்.

அடுப்படியில் கிடந்த இரண்டு கம்பிகளையும் சேர்த்து, ஆறையும் புளி போட்டுத் தேய்த்துக் கழுவினேன். கோர்ப்பது லேசான வேலை இல்லை. ஒரு துண்டு கோழி, ஒரு குடைமிளகாய், முழுசாக ஒரு சின்ன வெங்காயம், ஒரு தக்காளித் துண்டு, மறுபடி கோழி. குடைமிளகாய் பிளந்துகொண்டது. என் சொந்த யோசனையாகக் கத்திரிக்காயையும் கோர்த்தேன். அது பாதி வெந்ததும் நழுவித் தணலில் விழுந்தது. அரைக்கிலோவுக்கு ஐந்து கம்பி நிறைந்தது. ஆறாவதை என்ன செய்வது? வெறும் காய்கறியாகக் கோர்த்து நிரப்பினேன். ஒரு கம்பி சும்மா கிடந்தால் ஓர் ஆளை விட்டுவிட்ட மாதிரி இருந்தது. நான் ஒருவன் சாப்பிட ஆறு கம்பி எதற்கு என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். தறிகள் நின்றிருந்ததால் தெருவே அமைதியாக இருந்தது. காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டு கம்பிகளைத் திருப்பித் திருப்பி விட்டேன். தயிர் காய்ந்து சிவந்தது. எண்ணெய் சொட்டி, தணலில் சுர்ரென்று எரிந்து, அந்த வாசனை கிளம்பியது பாருங்கள், எனக்கு வாயில் எச்சில் ஊறியது. வெட்கமாகவும் இருந்தது. அவள் போய் ஆறு மாதத்தில் இந்த நாக்கு இப்படி அடித்துக்கொள்கிறதே என்று.

முதல் கம்பியைத் தட்டில் எடுத்து ஊதிக்கொண்டிருந்தேன். மாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தலை தெரிந்தது. பக்கத்து வீட்டம்மா. அவர்கள் வீட்டில் தறி ஓடுகிறது. தங்களுக்குள் தெலுங்கு, எங்களிடம் தமிழ். என் மனைவியும் அவரும் அந்தச் சுவரில் கையூன்றிப் பேசிப் பேசியே அந்த இடத்தில் சுண்ணாம்பு போயிருக்கும்.

"அண்ணே, மல்லாங்கிணத்துல இருந்து வந்துட்டாகளா?" என்றார். முகம் பூராவும் சந்தோஷம். "கோழியோ கறியோ, வாசம் வந்துச்சு. அக்கா வீட்டுல வாசம் வருதே, அவுக வந்துட்டாக போலன்னு ஓடியாந்தேன். அப்பாடா! அவுகளுக்கும் கடமை முடிஞ்சது. இனி அவுக பாட்டுக்கு அவுக, நீங்க பாட்டுக்கு நீங்க."

அந்தம்மா எந்தக் கெட்ட எண்ணத்திலும் சொல்லவில்லை. எங்கள் பக்கம் எல்லாரும் சொல்கிற பேச்சுதான் அது. ஆனால் தட்டு என் கையில் அப்படியே நின்றுவிட்டது. அவுக பாட்டுக்கு அவுக. அதாவது, நான் இந்தத் துண்டை வாயில் போட்டால் துக்கம் முடிந்த கணக்கு, மச்சினன் இனி என் வீட்டுக்கு வரவேண்டிய அவசியம் இல்லை. பிள்ளை குட்டி இருந்தால் தாய்மாமன் என்று காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் வந்துதான் ஆகவேண்டும். எங்களுக்கு அதுவும் இல்லை. அவள் வழியில் எனக்கு வரவேண்டியது என்று இந்த உலகத்தில் பாக்கி இருந்தது அந்த ஒரு குழம்புதான்.

"இல்லம்மா, இன்னும் வரல" என்றேன்.

அவர் என்னையும் சாந்துச் சட்டியையும் ஆறு கம்பிகளையும் பார்த்தார். நானே முந்திக்கொண்டேன். "ஒங்க வீட்டுப் பிள்ளைகளுக்குக் குடுக்கலாம்னுதான் சுட்டேன். ஒரு பாத்திரம் கொண்டாங்க." கோழித்துண்டுகளை ஒவ்வொன்றாக உருவி அவர் நீட்டிய தூக்குவாளியில் போட்டேன். கடைசித் துண்டு விழுந்ததும், "நீங்கண்ணே?" என்றார்.

"மச்சினன் வரணும்."

அவர் கீழே போனதும், மிஞ்சிய குடைமிளகாயையும் வெங்காயத்தையும் சாப்பிட உட்கார்ந்தேன். கோழியோடு ஒட்டிக் கிடந்ததெல்லாம் கணக்கில் வருமோ என்று யோசித்து, அதையும் ஒதுக்கிவிட்டு, வெறும் காய்கறி கோர்த்த ஆறாவது கம்பியை மட்டும் எடுத்துக்கொண்டேன். ருசியாகத்தான் இருந்தது. தின்றுகொண்டே அழுதேன், புகை என்று சொல்லிக்கொள்ளப் பக்கத்தில் ஆள்கூட இல்லை.

மறுநாள் காலையில் போன் அடித்தது. மச்சினன். பக்கத்து வீட்டம்மாவிடம் அவன் பெண்டாட்டி நம்பர் இருந்திருக்கிறது. ராத்திரியே கூப்பிட்டு வாங்கு வாங்கு என்று வாங்கிவிட்டார் போல.

"மச்சான், இன்னுமா நீங்க சாப்பிடாம இருக்கீக?" என்றான். "நாள் தள்ளித் தள்ளிப் போச்சு. அப்புறம் வர்றதுக்கு மூஞ்சி இல்ல. ஒரு தடவ பஸ்ஸு ஏறி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துட்டேன். அக்கா இல்லாத வீட்டுக்குள்ள எப்படிப் போறதுன்னு அப்படியே திரும்பிட்டேன்."

எனக்கும் தினமும் அந்த வீட்டுக்குள்தான் போகவேண்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"வர்ற ஞாயித்துக்கிழமை வந்துர்றோம் மச்சான். இந்தத் தடவ தப்பாது."

ஆறு மாதமாக நான் காத்திருந்த வார்த்தை. என் வாய் என்ன சொன்னது தெரியுமா?

"வர்ற வாரம் எனக்குக் கொஞ்சம் வேல இருக்கு மாப்ள. அடுத்த வாரம் பாத்துக்குவோம்."

எனக்கு ஒரு வேலையும் இல்லை. ரிட்டயர் ஆனவனுக்கு ஞாயிற்றுக்கிழமையில் என்ன வேலை? அவன், "சரி மச்சான், நான் மறுபடி கூப்பிட்டுக் கேக்கேன்" என்றான்.

கேட்கிறான். இப்போதெல்லாம் சனிக்கிழமை சாயங்காலம் போன் வந்துவிடுகிறது. மகள் படிப்பு, அவன் முழங்கால் வலி, மழை வருமா வராதா என்று பேசுவான். அக்காவைப் பற்றி ஏதாவது ஒன்று சொல்வான், சிறுவயதில் அவள் அவனைக் கிணற்றுமேட்டில் துரத்தியது மாதிரி எனக்குத் தெரியாத ஒன்று. நான் கேட்டுக்கொண்டிருப்பேன். வைக்கும்போது, "நாளைக்கு வரட்டா மச்சான்?" என்பான்.

ஞாயிற்றுக்கிழமை மாடியில் கரி போடுகிறேன். வெறும் காய்கறிதான், ஒரு கம்பி போதும். அவனிடம் அடுத்த வாரம் என்று சொல்லியிருக்கிறேன்.