மைல்கல் சொல்லாத எட்டு மணி நேரம்

விமான டிக்கெட் போடும் அலுவலகத்தில் அவனுக்கு மைல்கல் என்று பட்டப்பெயர். ஊருக்கெல்லாம் தூரம் சொல்வான். தான் மட்டும் நின்ற இடத்தை விட்டு நகரமாட்டான். இருபத்தாறு வருடங்களில் ஒருமுறைகூட விமானம் ஏறியதில்லை. மேஜைமேல் இருக்கும் உலக உருண்டையில் இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே நூலை இழுத்துப் பிடித்து, அதை அளவுகோலில் வைத்துத் தூரம் சொல்வான். அப்போது பார்வை நூலோடு கடல்மேல் போய்விடும். வாடிக்கையாளர் தொண்டையைச் செருமினால்தான் தரைக்கு வருவான்.

அக்கா மகளுக்கு நிறைமாதம். பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி, துணைக்கு ஆளில்லாமல் இருந்தாள். அக்கா தையற்காரி. ஒரே பிடியாக நின்றாள்.

"மெஷின் முன்னால பத்து மணி நேரம் உட்காருறேன்டா. அதுக்கு மேல இடுப்பு தாங்காது. எவ்வளவு நேரம்னு சொல்லு, போறதா வேண்டாமான்னு நான் சொல்றேன்."

பயணம் பதினான்கு மணி நேரம். அவன் டிக்கெட்டை விரித்துக் காட்டினான். "காலையில ஆறு மணிக்குக் கிளம்புது. மத்தியானம் பன்னிரண்டுக்கு இறங்கிடுது."

அக்கா விரல்விட்டு எண்ணினாள். ஆறு. முகம் தெளிந்தது. மேற்கே போகப் போகக் கடிகாரம் பின்வாங்கும், அந்தப் பன்னிரண்டு அந்த ஊர்ப் பன்னிரண்டு என்று மற்றவர்களுக்கு வாய் வலிக்கச் சொல்கிறவன் அன்று வாயைத் திறக்கவில்லை. பொய் சொல்லவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். எழுதியிருந்ததைத்தானே படித்தோம்!

அவள் பறந்த நாளில் வேலையே ஓடவில்லை. நூலை உருண்டைமேல் வைத்து, மணிக்கு ஒரு விரல் அகலம் நகர்த்தினான். பாலைவனம் வந்தது, பிறகு மலை, பிறகு நீலம். மேகங்களுக்குமேல் அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் அவன் கடிகாரம் பன்னிரண்டு அடித்தபோது நூல் பாதியைக்கூடத் தொடவில்லை. இந்நேரம் தெரிந்திருக்கும் என்று நினைத்தான். 

மறுநாள் காலை அலுவலகத்துக்கு அக்காவின் போன் வந்தது. குழந்தை இன்னும் பிறக்கவில்லை, தான் மகள் பக்கத்திலேயே இருப்பதாகச் சொன்னாள். பிறகு வழியில் நடந்ததைச் சொன்னாள். கைக்கடிகாரம் மத்தியானம் இரண்டு காட்டியதாம். ஜன்னலுக்கு வெளியே காலை வெயில் அப்படியே நின்றதாம். சூரியனும் கூடவே வருவதுபோல இருந்ததாம். வாட்ச் கெட்டுவிட்டது என்று கழற்றிப் பையில் போட்டுவிட்டாள்.

"இடுப்பு மட்டும் வேற கணக்கு சொல்லுச்சு" என்றாள். "இப்பவாவது சொல்லு, எத்தனை மணி நேரம்?"

"பதினாலு."



"திரும்பி வர?"

"காத்து பின்னாலேர்ந்து தள்ளும். பதிமூணு. கடிகாரத்துல இருபத்தொரு மணி நேரம்னு வரும். கடிகாரத்தை நம்பாதேக்கா."

"நான் எங்கேடா கடிகாரத்தை நம்பினேன்?" என்றாள் அக்கா. "உன்னை நம்பித்தானே ஏறினேன்."