கண்ணாடித் தொட்டியில் கீச்சான்

என் மனைவி ராமநாதபுரம் கடற்கரைக்காரி. எழுபதுகளின் கடைசியில் திருமணமாகி முத்தியால்பேட்டைக்கு வந்தவளை முதல் ஞாயிற்றுக்கிழமையே கடற்கரைக்கு அழைத்துப் போனேன். நின்று பார்த்துவிட்டு, "என்னங்க, ஒரே கலங்கலா இருக்கு?" என்றாள். நான் பிறந்ததிலிருந்து பார்க்கிற கடலை ஒருவர் குறை சொல்லி அன்றுதான் கேட்டேன்.

அவள் வீட்டுக்குப் பின்னால் பாறை இருந்ததாம். கடல் வற்றும்போது பாறைக் குழி ஒன்றில் தண்ணீர் தங்கிவிடும். அடியில் கிடக்கும் சங்குகூடத் தெளிவாகத் தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதில் கையை விட்டுக்கொண்டு உட்காருவாள். வரி போட்ட குஞ்சு மீன்கள் வந்து விரலைக் கொத்தும். திருமணமான மறு ஆண்டே அவள் அப்பா இறந்தார். அண்ணன்கள் வீட்டை விற்றுவிட்டு வெளியூர் பிழைப்புக்குப் போனார்கள். போய் இறங்க அங்கே வாசல் இல்லாமல் போனது. அவள் அதைப் பற்றிப் பேசியதில்லை. மீன் அலசும்போது மட்டும், வேலை முடிந்த பிறகும் கையைத் தண்ணீரிலேயே வைத்துக்கொண்டு சிறிது நேரம் இருப்பாள்.

அந்தக் குழியை இந்த வீட்டுக்குள் கொண்டுவந்தால் இந்த ஊர் அவளுக்கு ஒட்டும் என்று நினைத்தேன்.

அப்போது சில வீடுகளில் தங்கமீன் தொட்டி இருந்தது. கடல்தண்ணீரில் மீன் வளர்த்தவர் எனக்குத் தெரிந்து யாருமில்லை. இரும்புச் சட்டத்தை உப்பு தின்றுவிடும் என்பதால், சட்டமே இல்லாமல் பசையில் ஒட்டிய கண்ணாடித் தொட்டி ஒன்றைக் கண்ணாடிக் கடையில் செய்யச் சொன்னேன். மேசையை ரசமட்டம் வைத்துச் சரிபார்த்தேன். மெட்ராஸுக்கு பஸ்ஸில் போய்க் காற்றுப் பம்பு வாங்கி வந்தேன். கழுவிய தண்ணீர் தெளியும்வரை மணலைக் கழுவினேன். பிறகு தினமும் காலையில் சைக்கிளில் கேன்களைக் கட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். கரையோரத் தண்ணீரில் மண்தான் இருக்கும். அதனால் கட்டுமரம் ஏறுபவர் ஒருவரிடம் கொடுத்து ஆழத்திலிருந்து மொண்டுவரச் சொன்னேன்.

பக்கத்து வீட்டு அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "இன்னா தம்பி, தெனம் கேன் கேனா ரொப்பிகினு வர்ற? சாராயமா?"

"கடல் தண்ணிம்மா. மீன் வளக்கப் போறோம்."

"ஊருல எல்லாம் மீன வாங்கி கொழம்பு வெக்குறாங்க. நீ சோறு போட்டு வளக்கப் போறியா! உம் பொண்டாட்டிக்கு நெத்திலின்னா உயிரு, பாத்துக்கோ."

உள்ளேயிருந்து மனைவி சிரித்தது கேட்டது. அந்தச் சிரிப்புக்காகவே இன்னும் நான்கு கேன் சுமந்திருப்பேன்.

தொட்டி நிறையும் அளவுக்குச் சேரும்வரை தண்ணீரை எதில் ஊற்றிவைப்பது என்ற கேள்வி வந்தபோது, அவள் பரணிலிருந்து தன் செப்பு அண்டாவை இறக்கச் சொன்னாள். கல்யாணச் சீராக வந்தது. அவள் அப்பா முன்னால் நின்று வாங்கியது. "செம்புல இருந்தா தண்ணி சுத்தமாகும்" என்று சொல்லி, புளி போட்டுத் தேய்த்துத் தகதகவென்று ஆக்கினாள். என் பழைய வேட்டியால் வடிகட்டி ஊற்றினோம். தண்ணீர் அதில் தெளிந்து கண்ணாடிபோல் நின்றது. குனிந்து பார்த்தவள், "இப்படித்தாங்க இருக்கும்" என்றாள்.

தொட்டியை நிரப்பி, பாறை இடுக்கில் வலைபோட்டவர்களிடம் கீச்சான் மீன் குஞ்சுகளும், சங்குக்குள் குடியிருக்கும் சிறு நண்டுகளும் வாங்கி வந்து விட்டோம். கீச்சானைக் கண்டதும், "இதே வரிதான்!" என்று கையைத் தட்டினாள்.

மறுநாள் காலை நண்டுகள் சங்கைவிட்டு வெளியே வந்து துவண்டு கிடந்தன. மாலைக்குள் மீன்கள் ஒவ்வொன்றாக மேலே வந்து வாயைத் திறந்து மூடின. மின்சாரம் இருந்தது, பம்பும் ஓடியது. ஆனாலும் அவள் காப்பி ஆற்றுவதுபோலச் சொம்பில் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒன்றும் பிழைக்கவில்லை.

"அங்கிட்டுள்ளது எதுவும் இங்க ஒத்துக்கிறாது போல" என்றாள்.

மீனைப் பற்றித்தான் சொல்கிறாள் என்று எடுத்துக்கொள்ளப் பார்த்தேன், முடியவில்லை. தொட்டி வெறும் மணலோடு கூடத்தில் நின்றது. அவளும் கூடத்தில் உட்காருவதை விட்டுவிட்டாள்.

பரணில் ஏற்றும் முன் அண்டாவைக் கழுவ எடுத்தவள்தான் கண்டுபிடித்தாள். "இங்க வாங்களேன்" என்று கொல்லையிலிருந்து கூப்பிட்டாள். தண்ணீர் நின்ற மட்டத்தில் சுற்றிலும் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. விரலால் வழித்துக் காட்டினாள்.

"மோர இதுல ஊத்துவமா?"

"மாட்டோம்."

"புளிக்கொழம்பு?"

"ஈயம் பூசாம எப்படி ஊத்துறது?"

"உப்புத் தண்ணிய ஊத்தி வச்சிருக்கோமே! அறிவு வேணாமா ரெண்டு பேருக்கும்?" தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தபடியே அழுதாள். மீன் செத்தது ஊர் ஒத்துக்கொள்ளாமல் இல்லை, களிம்பால்தான் என்பது அவளுக்கு எவ்வளவு பெரிய செய்தி என்று அவள் முகத்தில் தெரிந்தது.

பழைய மணலைக் கொட்டிவிட்டுப் புது மணல் கொண்டுவந்தேன். இந்தமுறை தண்ணீர் சேர்க்கப் பிளாஸ்டிக் டிரம். நிரப்பிய மட்டத்தில் கண்ணாடிமேல் பிளாஸ்திரி ஒட்டினேன். தண்ணீர் சுண்டினால் அந்தக் கோடுவரை நல்ல தண்ணீர் மட்டுமே ஊற்றுவது என்று வைத்துக்கொண்டேன், உப்பு ஆவியாகாது என்பதால். முதலில் ஒரே ஒரு கீச்சானை விட்டுப் பார்த்தோம். பிழைத்தது. பிறகு மூன்று சேர்த்தோம். அவள் இறாலைப் பொடியாக நறுக்கிப் போடுவாள். பிற்பகலில் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கையை உள்ளே விடுவாள். அவை வந்து கொத்தும். அலுவலகத்திலிருந்து வரும்போது அவளை அப்படிப் பார்ப்பதற்காகச் சைக்கிள் மணியை அடிக்காமல் வருவேன்.

ஒருநாள் கையை எடுக்காமலே சொன்னாள். "அங்க, தண்ணி வத்தினா இதுக குழியிலேயே நிக்கும். பெறகு கடல் ஏறி வந்து கூட்டிட்டுப் போயிரும். இதுகளும் அதுக்குத்தான் காத்துக் கெடக்குகளோ என்னமோ."



அந்த வாரமே அவற்றை வாளியில் எடுத்துக்கொண்டு எங்கள் ஊர்க் கடற்கரைக்குப் போய்ப் பாறை ஓரத்தில் விட்டோம். அவை உடனே போகவில்லை. அவள் கால் நிழலிலேயே சுற்றின. அலை ஒன்று வந்து எங்கள் முழங்காலை நனைத்துத் திரும்பியபோது அவை அங்கே இல்லை.

"லீவு கெடைக்கையில ஒருக்கா போயிட்டு வருவமா?" என்று கேட்டாள். "வீட்டுப் பக்கம் வேணாம். அந்தப் பாறைக்கு மட்டும்."

"போலாம்" என்றேன்.

அந்த ஆண்டு மூத்தவள் வயிற்றில் இருந்தாள். அடுத்து என் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, பிறகு இளையவன், பிறகு பள்ளிக்கூடம். இப்போது நானே பேச்செடுத்தாலும், "இருக்கட்டும், போற நேரம் தண்ணி ஏறிக் கெடந்தா என்ன பண்றது, குழி தெரியாதே" என்கிறாள். கடல் வற்றும் நேரம் பார்த்துப் போகலாம் என்கிறேன். சரி என்கிறாள். பஸ் நேரமெல்லாம் விசாரித்து வைத்திருக்கிறேன்.