அக்கா நீந்திய எட்டு மாதங்கள்

நாற்பத்தெட்டு வயதில்தான் எனக்குப் பகல் நேரம் என்று ஒன்று கிடைத்தது. அதுவரை இருபத்துநான்கு வருடங்களாக ஓசூர் ரோட்டுப் பக்கம் ஒரு மோட்டார் கம்பெனியில் செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். எனக்கு அடுத்த நாற்காலியில் இருந்தவளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். அடுகோடியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு சந்து தள்ளி அவள் வீடு. காலையில் சேர்ந்து போய், சாயங்காலம் சேர்ந்து திரும்புவோம். மகனுக்கு ஏழு வயதாகும்போதே அவளுடைய கணவர் இறந்துவிட்டார். அந்த ஒரு பிள்ளையைப் படிக்கவைத்து, அவன் வைட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் வேலையில் உட்கார்ந்ததும்தான் அவள் மூச்சு விட்டாள்.

தொண்ணூறுகளின் கடைசியில் கம்பெனி விருப்ப ஓய்வு அறிவித்தது. இருவரும் ஒரே நாளில் கையெழுத்துப் போட்டோம். அதற்கு முந்தைய ஒரு மாதம், மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் இனி என்ன செய்யலாம் என்கிற பேச்சுதான். கன்னடம் எழுதப் படிக்கக் கற்க வேண்டும் என்றேன். ஹம்பி பார்க்க வேண்டும் என்றாள் அக்கா. "பேரப்புள்ளைங்க வந்து மடியில உக்கார்றதுக்குள்ள நாம எதனா பண்ணிப்புடணும்டி. அப்புறம் எந்திரிக்க வுடமாட்டாங்க" என்பாள்.

நீச்சல் என்னுடைய யோசனை. முழங்கால் வலிக்குப் போன இடத்தில் டாக்டர் சொன்னார், தண்ணீரில் நடந்தால் நல்லது, நீந்தினால் இன்னும் நல்லது என்று. கார்ப்பரேஷன் நீச்சல்குளத்தில் பகல் பதினொரு மணிக்குப் பெண்களுக்கு மட்டும் ஒரு மணி நேரம் விட்டிருந்தார்கள். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தது. துணைக்குத்தான் அக்காவை இழுத்துக்கொண்டு போனேன்.

என் கணவரிடம் சொன்னபோது அவர் பேப்பரிலிருந்து தலையைக்கூட எடுக்கவில்லை. "போயேன். மூழ்காம வந்து சேரு" என்றார். அக்காவால் தன் வீட்டில் அப்படிச் சொல்ல முடியாது. மகன் நல்லவன்தான். அம்மா இனிமேல் விரலைக்கூட அசைக்கக் கூடாது, உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று நினைக்கிற நல்லவன். அவனிடம் தையல் வகுப்பு என்று சொல்லிவிட்டு வந்தாள். சேலை, சுடிதார் எதையும் குளத்தில் அனுமதிக்க மாட்டார்கள். தொடைவரைக்கும் வருகிற கறுப்பு நைலான் உடுப்பு இரண்டு வாங்கினோம். அக்கா தன்னுடையதைக் குளியலறையில் துண்டுக்கு அடியில் காயவைப்பாள்.

முதல் நாள் உடை மாற்றும் அறையிலிருந்து வெளியே வரவே எங்களுக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. ஒருவர் தொடையை ஒருவர் பார்த்துச் சிரித்துத் தள்ளாடினோம். இருபத்துநான்கு வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் அவள் முழங்காலை நான் பார்த்ததில்லை.

சொல்லிக்கொடுத்தவர் ஒரு கன்னடக்கார அம்மாள். ஏதோ பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தவர். "ஹெதரபேடி அம்மா, காலு ஹொடீரி" என்று கரையில் நின்று கத்துவார். பயப்படாதே, காலை அடி என்பார். நான் பயந்தேன். கரையோரக் கம்பியைப் பிடித்த கையை எடுத்தால் என் உடம்பு கல்லாகிக் கீழே போனது. மூக்கில் தண்ணீர் ஏறி, இருமி, கண் சிவந்து, மறுபடியும் கம்பியிடமே வந்துவிடுவேன்.

அக்கா மூன்றாம் நாள் மிதந்தாள். பத்தாம் நாள் குறுக்கே நீந்தினாள். ஒன்றரை மாதத்தில் எட்டடி ஆழம் இருக்கும் பக்கம் போய்த் திரும்பி வந்தாள். நான் மூன்றடித் தண்ணீரில் கம்பியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தலையை வெளியே தூக்கி அவள் என்னைத் தேடினாள். "பாத்தியாடி?" என்று கத்தினாள். "பாத்தேன்கா" என்று நானும் கத்தினேன்.

அந்த நிமிடம் எனக்குள் என்ன ஓடியது என்பதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது. அவள் மூழ்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஒரு வாய் தண்ணீர் குடித்து, பயந்து, என் பக்கத்தில் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டால் போதும் என்று நினைத்தேன்.

ஆறு மாதம் ஆகியும் எனக்கு நீச்சல் வரவில்லை. பயிற்சி அம்மாள் என்னை விட்டுவிட்டார். "நீங்க தண்ணில நடங்க அம்மா, முட்டிக்கு அதே சாக்கு" என்றார் அவருடைய தமிழில், முட்டிக்கு அதுவே போதும் என்று. அதே வாரம் அக்காவைத் தனியாக அழைத்துப் பேசினார். நாற்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்கு ஊரில் ஒரு நீச்சல் போட்டி வரப்போகிறது, பெயர் கொடுக்கலாம் என்றார். பஸ் ஸ்டாப்பில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்கள் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தன.

"மவன்கிட்ட சொல்லிடப் போறேன்டி. கல்யாணம் மட்டும் முடியட்டும். அவன் பொண்டாட்டியையும் கூட்டிக்கினு போட்டி பாக்க வரச்சொல்றேன்."

"சொல்லுக்கா, சந்தோசப்படுவான்" என்றேன்.

அந்த நாட்களில்தான் வகுப்பில் ஒருத்தி கேமரா கொண்டுவந்து எல்லோரையும் நிற்கவைத்துப் படம் எடுத்தாள். ஆளுக்கு ஒரு பிரதி கொடுத்தாள். அக்கா பயந்து தன் பிரதியைக் கிழித்துப் போட்டுவிட்டாள். நான் என்னுடையதை வைத்திருந்தேன். ஆறு பெண்கள் ஈரத்தோடு வரிசையாக நிற்கிறோம். நான் துண்டால் மார்பை மறைத்து ஓரத்தில் நிற்கிறேன். நடுவில் அக்கா, இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றி, பல் தெரியச் சிரிக்கிறாள். ஐம்பது வயதில் அழகாக இருந்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அக்கா மகனுக்குப் பேசியிருந்த பெண் வீட்டார் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வந்தார்கள். வேலூர்ப் பக்கத்துக் குடும்பம், ஏழெட்டுப் பேர். அக்காவுக்கு ஒத்தாசைக்கு நான் போனேன். கிளம்புமுன் அந்தப் படத்தை எடுத்து என் கைப்பைக்குள் வைத்தேன். பேச்சுவாக்கில் வந்துவிட்டது என்று பிறகு எல்லோரிடமும் சொன்னேன். பீரோவைத் திறந்து, சேலை மடிப்புக்குள் கையை விட்டு எடுத்த பொருள் பேச்சுவாக்கில் வராது.

அக்கா சமையலறையில் காபி கலந்துகொண்டிருந்தாள். நான் கூடத்தில் பெண்ணின் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மாள் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"அக்கா வேலைய விட்டுட்டாங்களாமே? பொழுது எப்டிங்க போவுது?"

"அவங்களுக்கா? பொழுதே பத்தலைங்க. நீச்சல்ல மெடல் வாங்கப் போறாங்க எங்க அக்கா."

"நீச்சலா?"

"இருங்க, போட்டோவே இருக்குது."

அந்த அம்மாள் படத்தை வாங்கிப் பார்த்தார். "அட, இந்த வயசுல!" என்று சிரித்தார். அதோடு கொடுத்திருக்கலாம். பக்கத்திலிருந்த கணவரிடம் நீட்டினார். அவர் பார்த்துவிட்டுத் தம்பியிடம் கொடுத்தார். தம்பி, மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். "நடுவுல நிக்கிறவங்களா?" என்றார். யாரோ இருமினார்கள். வாலிபன் ஒருவன் தோள்வழியே எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினான். ஐந்து ஆண்களின் கையைச் சுற்றி, கடைசியாகப் படம் அக்காவின் மகனிடம் வந்தது.

அப்போதுதான் அக்கா காபித் தட்டோடு வெளியே வந்தாள். மகன் கையில் இருந்ததைப் பார்த்தாள். ஒரு கணம் நின்றாள். பிறகு ஒவ்வொருவர் முன்பும் குனிந்து காபி கொடுத்தாள், ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல். அந்தக் கண்ணாடிக்காரர் தம்ளரை எடுக்கும்போது அவளை நிமிர்ந்து பார்த்து, "தைரியசாலிதான்" என்றார். மகனின் காது இரண்டும் சிவந்துவிட்டன. படத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

சம்பந்தம் முறியவில்லை. தேதி குறித்துவிட்டுத்தான் போனார்கள்.

மறுநாள் பத்தரை மணிக்கு அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"கிளம்பலியாக்கா?"

"இனிமே இல்லடி. சத்தியம் பண்ணிட்டேன்."

"சத்தம் போட்டானா?"

"போட்டிருந்தாத்தான் பரவால்லயே. அழுதான்டி. 'உன்ன அவங்கெல்லாம் அப்டிப் பாக்குறாங்க, நான் உக்காந்துகினு இருக்கேன்'னு அழுதான். அடிச்சிருந்தாக்கூட நான் வந்திருப்பேன். அழுதுட்டான்." கீரைக் காம்பைக் கிள்ளி எறிந்தாள். "நீ ஏன்டி அத எடுத்தாந்த?"

"பெருமையா சொல்லலாம்னுதான்க்கா. இப்டி ஆவும்னு எனக்கு இன்னா தெரியும்?"

சிறிது நேரம் என்னையே பார்த்தாள். "சரி வுடு. உனக்கு நேரமாவுது, போ" என்றாள்.

நான் போனேன். போகாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். பதினொரு மணி வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று வேகமாக நடந்தேன். பயிற்சி அம்மாள் நாலைந்து நாள் அவளைக் கேட்டுக்கொண்டே இருந்தார். வீட்டுக்கு வந்து பேசட்டுமா என்றுகூடக் கேட்டார். அவங்களுக்கே இஷ்டமில்லை, மகன் கல்யாணம் என்று சொல்லிவிட்டேன். "எஷ்டு சென்னாகி ஈஜ்தித்ரு" என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். எவ்வளவு நன்றாக நீந்திக்கொண்டிருந்தாள் என்று.

அக்கா இல்லாத குளத்தில் எனக்கு மூன்றே வாரத்தில் நீச்சல் வந்தது.

கல்யாணம் ஆகி இரண்டு வருடத்தில் மகன் வைட்ஃபீல்டில் அடுக்குமாடி வீடு வாங்கி அவளை அழைத்துப் போனான். அடுகோடி வீடு வாடகைக்குப் போயிற்று. பேரன் பிறந்தான். நான் போனில் மட்டும் பேசுவேன். எனக்கு நேரமில்லாமல் இருந்தது. ஹம்பி போய்வந்தேன். கன்னடத்தில் பஸ் பலகை படித்தேன். நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கு நீச்சல் பழக ஒரு குழு சேர்த்தேன். ஓய்வுக்குப் பிறகு எப்படி வாழ்வது என்று பேச மகளிர் சங்கங்களில் என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

ஐந்தாறு வருடம் கழித்து ஒரு நாள் இரண்டு பஸ் மாறி அவளைப் பார்க்கப் போனேன். நான்காவது மாடி. கதவைத் திறந்தவள் இளைத்திருந்தாள். வலது கையை உடம்போடு ஒட்டியே வைத்திருந்தாள். தோள்பட்டை இறுகிப்போய்க் கை தலைக்கு மேலே எழும்பவில்லை, மருமகள்தான் தலை பின்னிவிடுகிறாள் என்றாள். பால்கனிக்கு அழைத்துப்போனாள். கீழே, நீல ஓடு பதித்து, ஒரு நீச்சல்குளம். மருமகள் நீந்திக்கொண்டிருந்தாள், தொடைவரை வருகிற கறுப்பு உடுப்பில். மகன் அரைக்கால் சட்டையோடு கரையில் உட்கார்ந்து, தண்ணீரிலிருந்த குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, மனைவியைப் பார்த்துக் கைதட்டினான்.

"உன்ன எறங்க வுட மாட்டானாக்கா?"

"இப்ப அவனேதான் கூப்புடுறான். 'வாம்மா, நீதான் நல்லா நீந்துவியாமே'ன்னு. அன்னிக்கு நான் சின்னப்பையன்மா, புத்தி இல்லன்னு மன்னிப்புக்கூடக் கேட்டான்." இடது கையால் வலது தோளைத் தொட்டாள். "இதுக்கு அப்புறம்தான் கேட்டான்."

கீழே மருமகள் மறுகரையைத் தொட்டுத் திரும்பினாள். அக்கா அவள் கையை வீசும் விதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முழங்கை தப்பாகப் போகிறது என்று முணுமுணுத்தாள்.

"நீ ஆழத்துக்குப் போறியாமே?"

"போறேன்கா."

"பயமில்ல?"

"இல்ல."

"நல்லாரு." பிறகு திரும்பாமலே சொன்னாள். "சமையக்கட்டுக் கதவு அன்னிக்கு ஒருக்களிச்சு இருந்திச்சி. நீ பையத் திறந்து அத எடுக்கறப்ப உன் மூஞ்சிய நான் பாத்தேன்டி."

 அவள் உள்ளே போய்க் காபி போட்டு, ஒற்றைக் கையால் தூக்கி வந்து கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தாள். தம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"இனிமே வராத. நீ வந்தா நான் காபி போட்டுக் குடுப்பேன். வேணாம்னு சொல்ல எனக்கு வராது. அது எனக்கே புடிக்கல."

லிஃப்ட் வரை வந்து வழியனுப்பினாள். அதுதான் நான் அவளைக் கடைசியாகப் பார்த்தது. இப்போதும் அங்கேதான் இருக்கிறாள், நன்றாக இருக்கிறாள் என்று கேள்வி.

அதற்கு அடுத்த வாரம் மல்லேஸ்வரத்தில் ஒரு பெண்கள் கூட்டத்தில் பேசினேன். ஏற்கெனவே ஒப்புக்கொண்டது. பேசி முடித்ததும் முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து கேட்டாள், அந்த வயதில் தண்ணீரில் இறங்க உங்களுக்கு முதலில் துணையாக இருந்தது யார் என்று.

என் கணவர் என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள்.