ஓ.டி. முடித்து வருகிறவர்

எங்கள் ஃபேக்டரி லைனில் தரை துடைக்கும் இந்திராணி அக்காவை எல்லோரும் பாவம் என்பார்கள். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அவள் செய்து வைத்த காரியத்துக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து வேலை பார்த்தவள் நான்.

அவள் புருஷன் ஜெகநாதன் அண்ணன் ஏழாம் ஸ்டேஷன், நான் எட்டு. அவர் ஸ்குரூ முடுக்கித் தள்ளுவார், நான் சரிபார்ப்பேன். யார் ஓ.டி. பார்க்கச் சொன்னாலும் தலையாட்டுகிற மனுஷர். வீட்டிலிருந்து போன் வந்தால், "நீ சாப்ட்டுடு இந்திரா, முடிச்சிட்டு வந்துர்றேன்" என்பார். எட்டு வருஷக் குடித்தனத்தில் பாதியை அவள் அந்தப் பேச்சோடுதான் நடத்தினாள். ஒருநாள் இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு பைக்கில் கிளம்பியவர், சுங்குவார்சத்திரம் தாண்டவில்லை. லாரி.

அவரோடு எதிரெதிரே உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட வேண்டும், அவ்வளவுதான் அக்காவின் ஏக்கம். அதற்காக மண்ணூரில் வாடகைக்கு இருந்த வனமாமலையிடம் போனாள். திருநெல்வேலிப் பக்கத்து ஆள். குடோனில் செக்யூரிட்டி, வெள்ளிக்கிழமையானால் மந்திரவாதி. அவர் பெட்டியில் இருந்த ஓலைகள் பல நூறு வருஷப் பழசு. செத்தவரை இழுத்து வரும் ஆகர்ஷண மந்திரம் அவற்றில் இருந்தது. செத்தவரின் வியர்வை அதிகம் ஊறிய துணி வேண்டும் என்றார். வீட்டிலிருந்த சட்டைகள் மடிப்புக் கலையாமல் கிடந்தன. வியர்வை இருந்தது கம்பெனியின் நீலக் கோட்டில் மட்டும். அதைக் கொடுத்தாள். வனமாமலை அதை வேப்பமரத்தில் ஆணியடித்து மந்திரம் சொன்னார்.

மறுநாள் காலை, ஆள் போடாத ஏழாம் ஸ்டேஷனில் ஸ்குரூ கன் தானாகக் கீழே இறங்கியது. நாலு ஸ்குரூ முடுக்கிவிட்டு மேலே போனது. பீஸ் என் முன்னால் வந்து நின்றது; தொட்டுப் பார்த்தால் சூடு. இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தேன். திரும்பி வந்தால், யாரிடமும் மூச்சு விடாதே என்கிறார் சூப்பர்வைசர் பிரவீன்குமார். சாப்பாடு கேட்காத, லீவு கேட்காத ஆள் கிடைத்தால் அவருக்குக் கசக்குமா?

வீட்டில் காத்துக் காத்துப் பார்த்த அக்கா மறுபடி வனமாமலையிடம் ஓடினாள்.

"கோட்டு எந்த எடத்துக்குள்ளதோ அங்கதாம்மா வருவாரு," என்றார் அவர். "நாப்பத்தெட்டு நாளுக்குள்ள பேரச் சொல்லி மூணு தரம் கூப்பிட்டு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரு. இல்லன்னா அங்கயே கட்டுப்பட்டுக் கெடப்பாரு."

கான்ட்ராக்டரைக் கெஞ்சி எங்கள் லைனிலேயே வேலைக்குச் சேர்ந்தாள். சேர்ந்தும் கூப்பிடவில்லை. "இன்னாங்க" என்றே எட்டு வருஷம் ஓட்டியவளுக்குப் புருஷன் பேர் வாயில் வரவில்லை. மாப்பைப் பிடித்துக்கொண்டு ஏழாம் ஸ்டேஷனையே பார்த்தபடி நிற்பாள்.

நாற்பத்தெட்டாம் நாளும் வந்தது. மத்தியானம் இரண்டரைக்கு ஷிஃப்ட் முடிந்து எல்லோரும் பஸ்ஸுக்கு ஓடினார்கள். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அந்த நிமிஷம் என் கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை, நானும் நின்றேன்.

ஜெகநாதன் என்று முதல் தரம் சொன்னபோது எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் தரம் கன் பாதியில் நின்றது. மூன்றாம் தரம் அழுதுகொண்டே சொன்னாள்.

"ஜெகநாதன்... வூட்டுக்கு வாங்க."

காலி ஸ்டூலிலிருந்து அவர் குரல் வந்தது. அதே களைப்பு.

"நீ சாப்ட்டுடு இந்திரா. முடிச்சிட்டு வந்துர்றேன்."

கன் மறுபடி ஓட ஆரம்பித்தது.

ஏழு மாதம் ஆகிறது, ஏழாம் ஸ்டேஷன் கன் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. வடக்குப்பட்டு வீட்டில் அக்கா இன்னமும் இரண்டு பேருக்குத்தான் உலை வைக்கிறாள். கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதில்லை. இனிமேல் வரமாட்டார் அக்கா என்று நேற்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

"அவரு எப்பவும் அப்டிதான் சொல்வாரு. சொன்னா வந்துருவாரு," என்றாள். "ஒருநாள்தான் வரல."