காலி வண்டியின் எடை

என் அண்ணனை லாரிக்காரர்கள் ‘முள்ளு’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் ஒல்லி என்பதற்காக மட்டும் வைத்த பெயர் இல்லை அது. லாரிகளை ஏற்றி நிறுக்கும் எடைமேடையில் அவன் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெரிய வட்டத் தகடும், அதில் நடுங்கி நடுங்கி நிற்கும் ஒரு முள்ளும் இருந்தன. பிறகு சிவப்பு எண்கள் வந்தன, கம்ப்யூட்டர் வந்தது. அண்ணனுக்குப் பெயர் மட்டும் மாறவில்லை. அந்த முள்ளும் சாயாது, இந்த ஆளும் சாயமாட்டான் என்று ஓட்டுநர்களுக்கு ஒரே வயிற்றெரிச்சல்.

எடைமேடையில் நடக்காத தில்லுமுல்லு கிடையாது. வண்டியைக் காலியாக ஒரு முறை, சரக்கோடு ஒரு முறை நிறுத்து, வித்தியாசத்தைத்தான் சரக்கின் எடை என்று எழுதுவார்கள். அதனால் காலி எடையைக் கூட்டிக் காட்ட, கிளீனரை இருக்கைக்குப் பின்னால் படுக்கவைத்துப் போர்வையால் மூடிக்கொண்டு வருவார்கள்.

“சார், கண்டுக்காதீங்க சார். நாங்களும் புள்ளகுட்டிக்காரங்க.”

அண்ணன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ஒரே ஒரு சொல்தான் சொல்வான்: “இறக்கு.”

அளவுக்கு மீறிச் சரக்கு ஏற்றி வந்தாலும் அதே சொல். கெஞ்சினாலும் மிரட்டினாலும் அதே சொல். ஒரு தடவை அவன் சைக்கிளைத் தூக்கி மேடைக்குப் பின்னாலிருந்த குட்டையில் போட்டுவிட்டுப் போனார்கள். மறுநாள் அதே வண்டி வந்தது. “இறக்கு” என்றான். நடந்தே வேலைக்குப் போனான்.

அப்படிப்பட்டவனுடைய கை ஒரு நாள் ரசீதில் முத்திரை குத்த மறுத்தது. அழுத்துகிறான், பதியவில்லை. மை காய்ந்திருக்கும் என்று மை ஊற்றினான். மையில் குறையில்லை. தசைகள் ஒவ்வொன்றாகச் சோர்ந்துபோகும் நோய், மருந்து கிடையாது, மெதுவாகத்தான் போகும் என்றார் டாக்டர். மெதுவாகப் போகும் என்று அவர் சொன்னதை நாங்கள் ஆறுதலாக எடுத்துக்கொண்டோம். கால் போனது. தோள் போனது. பிறகு கழுத்து. சாய்வு நாற்காலியில் தலையைப் பின்னால் சாய்த்து உட்காரவைத்தால் உட்கார்ந்திருப்பான். தலை முன்னால் கவிழ்ந்துவிட்டால் தானாக நிமிர்த்த முடியாது. நாடி நெஞ்சில் அழுந்தி மூச்சு அடைக்கும்.

அண்ணிக்கு ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் வேலை. வேலையை விட்டால் வீடு நின்றுவிடும். வேலை நேரத்தில் கைப்பையும் போனும் பெட்டிக்குள் பூட்டப்பட்டிருக்கும். டீக்கு விடும்போதும் சாப்பாட்டுக்கு விடும்போதும்தான் திறக்கலாம். எனவே பகல் முழுக்க அண்ணன் தனியாகத்தான் இருந்தான். மதியத்தில் கீழ்வீட்டுத் தையல்காரம்மா மாடியேறி வந்து சாப்பாடு ஊட்டிவிட்டு, நாற்காலியில் சரிந்திருந்தால் தூக்கி உட்காரவைத்துவிட்டுப் போவார்.

ஊர்க்கோடியில் ஒரு பராமரிப்பு இல்லம் இருந்தது. அண்ணனும் அண்ணியும் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு அண்ணன் சொன்னான்:

“எல்லாரும் மேடைக்கு வெளிய வரிசையில நிக்கிற வண்டி மாதிரி இருக்காங்க. எவனையும் யாரும் உள்ள கூப்பிடல. என்னைய அங்க விட்றாதே.”

“அப்ப போன் எப்பவும் கையில இருக்கணும். எப்பவும் உயிரோட இருக்கணும்” என்றாள் அண்ணி. அவன் வீட்டில் இருப்பதற்கு அது ஒன்றுதான் நிபந்தனை.

அவனிடம் இருந்தது எடைமேடைக் காலத்துப் போன். தடித்தது, செங்கல் மாதிரி. சார்ஜ் போட்டால் இரண்டு நாள் தாங்கும். ஆனால் அவனால் தூக்க முடியவில்லை. முகம் போனிடம் போக முடியாது. போன்தான் முகத்துக்கு வரவேண்டும். முழங்கையை நாற்காலிக் கையில் ஊன்றிக் கஷ்டப்பட்டு உயர்த்தினான். பாதி வழியில் கை மடங்கியது, போன் வாயில் விழுந்து உதடு கிழிந்தது.

“லோடு வண்டி கவுந்துருச்சு” என்றான் ரத்தத்தோடு.

நான் வெளிநாட்டிலிருந்து ஒரு போன் அனுப்பினேன். தகடு மாதிரி மெலிசு. கையில் வைத்தால் இருப்பதே தெரியாது என்று விளம்பரம் செய்தார்கள், அது பொய்யும் இல்லை. அது வந்த அன்று வீடியோவில் நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். சமையலறைத் தராசைக் கொண்டுவரச் சொல்லி, இரண்டு போனையும் மாறி மாறி வைக்கச் சொன்னான். எண்ணைப் பார்த்ததும் சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தான்.

“இது லோடு வண்டி. இது காலி வண்டி. பாத்தியா தங்கச்சி, சரியான எடை!”

“காலி வண்டின்னா உள்ள ஒண்ணும் இல்லன்னுதானே அர்த்தம்?” என்றாள் அண்ணி.

அவள் சொன்னதுதான் நடந்தது. முதல் சில மாதங்கள் பரவாயில்லை. அண்ணன் இருந்த அறை வீட்டின் நடுவில் இருந்ததால் சிக்னல் ஒற்றைக் கோடு. டவரைத் தேடித் தேடியே சார்ஜ் கரைந்துவிடும். பேட்டரி பழசாகப் பழசாக, அண்ணன் தொடாமல் வைத்திருந்தாலும் மத்தியானத்துக்கு மேல் மூச்சு வாங்க ஆரம்பித்தது.

அண்ணி சார்ஜர் வயரோடு கையில் கொடுத்துப் பார்த்தாள். வயரின் கனம் கையைக் கீழே இழுத்தது. “லாரியத் தூக்கிடுறேன். டிரெய்லரத்தான் தூக்க முடியல” என்றான். தாங்கியில் மாட்டி முகத்துக்கு எதிரே வைத்துப் பார்த்தாள். உயர்த்திய கை திரையில் எங்கேயோ போய் இடித்தது. அண்ணியைக் கூப்பிடப் போய் வீட்டுச் சொந்தக்காரரைக் கூப்பிட்டது. அவரும் மரியாதையான மனிதர், மூன்றாவது தடவை மட்டும், “என்ன தம்பி, தண்ணி வரலியா?” என்று கேட்டுவிட்டு வைத்தார். வாயால் சொன்னால் கேட்கிற வசதியும் போனில் இருந்தது. ஆனால் நாக்கு தடித்துப்போன அண்ணனின் பேச்சு எங்களுக்கே பாதிதான் புரியும். மனைவியைக் கூப்பிடு என்றால் போன் மழை வருமா வராதா என்று சொன்னது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு போன் இருக்காதா என்று நானும் தேடிக்கொண்டே இருந்தேன். மெலிசாக்கும்போது பேட்டரியில்தான் கைவைக்கிறார்கள். பேட்டரியைப் பெரிதாக்கினால் கனம் ஏறிவிடுகிறது. நல்ல கைக்கு அந்த வித்தியாசம் ஒரு கைக்குட்டை அளவுகூடத் தெரியாது. அண்ணன் கைக்கு அது மலை. நான் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்குள் அவனால் தூக்க முடிகிற எடை இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

ஒரு சாயங்காலம் அண்ணி வந்தபோது போன் செத்துக் கிடந்தது. எத்தனை நேரமாக என்று அவனுக்கும் தெரியவில்லை. அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

“இன்னொரு நாள் இப்படி ஆச்சுன்னா, என்னால தாங்க முடியாதுங்க. அந்த இல்லத்துல சொல்லிடுவேன். நான் வந்து பாக்குறப்ப சார்ஜ் இருக்கணும். அவ்வளவுதான்.”

அன்றிலிருந்து அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் முதலில் பார்ப்பது போனின் மூலையில் இருக்கும் எண்ணைத்தான். அண்ணன் முகத்தை அப்புறம்தான் பார்ப்பாள். எண் நன்றாக இருந்தால், “இன்னிக்குப் பரவால்ல” என்பாள். அவன் நாள் எப்படிப் போனது என்பதற்கே அந்த எண்தான் சாட்சி. வாரக்கணக்கில் எண் நன்றாகவே இருந்தது. போனுக்கு என்னமோ புது உயிர் வந்துவிட்டது என்று அண்ணி என்னிடம் சந்தோஷப்பட்டாள். நானும் நம்பினேன். நம்பத்தானே ஆசை.

நடந்தது இதுதான். டீ நேரத்தில் அண்ணி கூப்பிடுவாள். பேசி முடித்ததும் அண்ணன் போனை அணைத்துவிடுவான். அணைப்பதற்குத் திரையைத் தொட்டால் போதும். மறுபடி உயிர் கொடுக்கப் பக்கவாட்டுப் பொத்தானை விடாமல் அழுத்திப் பிடிக்கவேண்டும். ஆரம்பத்தில் கட்டைவிரலால் முடிந்தது. பிறகு முடியவில்லை. மதியம் சாப்பாட்டோடு வரும் தையல்காரம்மாவிடம், “போன் அணைஞ்சிருச்சுக்கா, கொஞ்சம் அழுத்தி விடுங்க” என்பான். அவரும் அழுத்திவிடுவார். அதைப் பெரிய விஷயமாக அவர் நினைக்கவில்லை. டீ நேரத்துக்கும் மதியத்துக்கும் இடையில் மிச்சமான சார்ஜ் சாயங்காலம் அண்ணிக்கு நல்ல எண்ணாகக் காட்டியது.

ஒரு நாள் கீழே தையல்கடையில் ஒரு வாடிக்கையாளர் அளவு தப்பிவிட்டதென்று சண்டைக்கு நின்றார். தையல்காரம்மாவால் நேரத்துக்கு மாடியேற முடியவில்லை. மேலே அண்ணன் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்துகொண்டிருந்தான். எப்போதும் சரிவதுதான், வந்து தூக்கிவிடுவார் என்று காத்திருந்தான். சட்டென்று தலை முன்னால் விழுந்தது.

பிறகு அவன் திக்கித் திணறிச் சொன்னதை வைத்துத்தான் மீதி எனக்குத் தெரியும். போன் கையிலேயே இருந்தது, அணைந்து. கட்டைவிரலைப் பொத்தானில் வைத்து அழுத்தினான். விரல் வெறுமனே தடவியது. நாற்காலிக் கையின் விளிம்பில் போனை அணைகொடுத்து, கையின் கனத்தையெல்லாம் அதன் மேல் போட்டுப் பார்த்தான். கனமான பொருள் என்றால் அழுத்தினால் அதே இடத்தில் நிற்கும். இது நழுவியது. இன்னொரு தடவை. இன்னொரு தடவை. மூச்சு விசில் மாதிரி வந்தது. போன் ஒரு தரம் லேசாக அதிர்ந்தது போல இருந்தது. அந்த நம்பிக்கையில் இன்னும் அழுத்தினான். அது வழுக்கிக்கொண்டு தரையில் விழுந்தது.

காகிதம் விழுந்த சத்தம்தான் வந்தது. பழைய செங்கல் போனாக இருந்திருந்தால் கீழ்வீட்டுக் கூரையே அதிர்ந்திருக்கும், தையல்காரம்மா சண்டையைப் போட்டது போட்டபடி விட்டு ஓடி வந்திருப்பார்.

அவர் வந்தபோது அண்ணனின் உதடு நீலமாகியிருந்தது. தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியாகத் தெருவே கேட்கக் கத்தினார். அண்ணி வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனார்கள். அவள் இஸ்திரி போட்ட விரிப்பிலேயே, முகத்தில் காற்றுக்குழாய் மாட்டி, அவனைப் படுக்கவைத்தார்கள்.

“போன் என்னக்கா ஆச்சு? டீ நேரத்துல பேசினேனே. நெறைய சார்ஜ் இருந்துச்சே” என்று தையல்காரம்மாவிடம் கேட்டாள் அண்ணி.

“எப்பவும் போல அணைஞ்சுதான் கெடந்துச்சு. தினமும் நான்தானே அழுத்தி உயிர் குடுப்பேன். ஏன், உனக்குத் தெரியாதா?”

அண்ணி கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

“ஊரான் வண்டிக்கெல்லாம் ஒரு கிலோ விட்டுக்குடுக்கல. சைக்கிளக் குட்டையில போட்டப்பகூட விட்டுக்குடுக்கல. எங்கிட்ட மட்டும் பொய் எடை காட்டினீங்களா?”

கோபமாக ஆரம்பித்த குரல் பாதியில் உடைந்தது. “எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே...” என்றாள். சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாள் என்று அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். காற்றுக்குழாய்க்கு மேலே அவன் கண்கள் மட்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. துடைக்கக் கை இல்லாமல் கண்ணீர் காதுக்குள் ஓடியது.

குழாயைக் கழற்றிய அன்று அவன் முதலில் சொன்ன சொல் யாருக்கும் புரியவில்லை. அண்ணி குனிந்து காதை வைத்தாள்.

“இறக்கு.”

“என்னது?”

“ஓவர் லோடு... என்னைய... இறக்கு.”

“வாய மூடுங்க! நான் என்ன லாரியா?” என்று கத்தினாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதன் பிறகு அவன் தலைமாட்டிலேயே தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள்.

இப்போது அண்ணன் ஊர்க்கோடி இல்லத்தில் இருக்கிறான். தலையணையில் ஒரு பெரிய பொத்தான் வைத்திருக்கிறார்கள். கன்னத்தால் தொட்டாலே மணி அடிக்கும். அடித்தால் வர ஆளும் உண்டு, சற்றுத் தாமதமாக. மெலிசுப் போன் எதிர்ச் சுவரில் வயரோடு நாள் முழுக்க நூறில் நிற்கிறது. சார்ஜ் இருக்கிறது. தூக்குவதற்கு அந்தக் கைதான் இப்போது இல்லை.

வேலை முடிந்து வரும் அண்ணி அதை வயரிலிருந்து கழற்றி அவன் முகத்துக்கு நேரே பிடிப்பாள். வயர் கட்டில்வரை எட்டாது. நான் பேசுவேன். அவன் பதில்கள் இப்போது உதட்டசைவுதான். அண்ணி மொழிபெயர்ப்பாள்.

நேற்றும் அப்படித்தான்.

“ரொம்ப நேரமா பிடிச்சிட்டிருக்கீங்க. கை வலிக்கலியா அண்ணி?”

“இதுல என்னம்மா கனம் இருக்கு? காலி வண்டிதானே.”

அண்ணனின் உதடு அசைந்தது. சிரிக்கிறானா, ஏதாவது சொல்கிறானா என்று தெரியவில்லை. “என்னங்க? என்னது?” என்று அண்ணி குனிவது தெரிந்தது. அவள் குரல் ஏறியது போலவும் இருந்தது. படம் அப்படியே உறைந்து, இருண்டது.

திரும்பக் கூப்பிட்டேன். போன் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண் குரல் பொறுமையாகச் சொன்னது.

பழைய பேட்டரி. நூறிலிருந்து சட்டென்று விழுந்துவிடும், போன வாரமும் இப்படித்தான் ஆனது. சார்ஜ்தான் போயிருக்கும். சார்ஜாகத்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டே மறுபடி அழுத்தினேன். மறுபடியும்.