நான்கு பாகைச் சாய்வு

1994இல் முழங்கால் மூட்டை மாற்றிக்கொண்ட பிறகு சிவகுருநாதனுக்கு வலி கூடியதே தவிரக் குறையவில்லை. நில அளவை அலுவலகத்தில் முப்பது ஆண்டு வரைபடம் வரைந்தவர் அவர். பினாங்குத் தீவின் சுங்கை பினாங் பகுதியிலிருந்த தம் வீட்டு ஜன்னலில் எக்ஸ்ரேயை ஒட்டி, கோணம் அளக்கும் பாகைமானியை வைத்துத் தாமே அளந்தார். புது மூட்டு நான்கு பாகை உள்பக்கம் சாய்ந்திருந்தது.

மனைவி யோகலட்சுமியோடு, மூட்டை மாற்றிய டாக்டரிடமே போனார்.

"கண்ணால பார்த்து, கையால வெட்டுறதுதான் அங்கிள். நாலு டிகிரி பெரிசில்ல லா," என்றார் டாக்டர்.

"நடக்கிறவன் நான். திரும்பத் திறந்து சரிபண்ணுங்க, டாக்டர்."

"உங்க இருதயம் இன்னொரு ஆப்பரேஷனைத் தாங்காது."

யோகலட்சுமி எக்ஸ்ரேயை வாங்கி உறைக்குள் போட்டார். வெளியே நடைவழியில் பாதி தூரத்திலேயே சுவரைப் பிடித்து நின்ற சிவகுருநாதன், முதன்முறையாக மனைவி முன் தேம்பி அழுதார்.