ஒரு பல் தள்ளி

திருப்பதி பைபாஸில் எனக்கு ஒரு மெக்கானிக் ஷெட் இருக்கிறது. சித்தூரில் இருந்த ஒரு ரிடையர்டு வாத்தியாரும் அவர் மனைவியும் தங்கள் பழைய டீசல் காரை என்னிடம்தான் விடுவார்கள். அந்த அம்மா நர்ஸாக இருந்தவர், பேச்சு எல்லாம் அவருடையதுதான். வாத்தியார் வாயே திறக்கமாட்டார்.

ஒரு தடவை டைமிங் பெல்ட் மாற்ற வந்தார்கள். எஞ்சினில் கீழே இருக்கும் கிராங்க்கையும் மேலே இருக்கும் கேமையும் சேர்த்துச் சுற்றுகிற, பல் வைத்த பெல்ட் அது. இரண்டிலும் உள்ள குறிகள் நேராக நிற்க வேண்டும். பெல்ட்டை மாட்டி இறுக்கியதும், கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் மறுபடி சேருகின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். இத்தனை வருடமும் அப்படித்தான் செய்தேன். அன்று செய்யவில்லை. நாராயணவனத்தில் மச்சினிச்சிக்கு நிச்சயதார்த்தம், வீட்டிலிருந்து போன் மேல் போன். கவரை மூடிச் சாவியைத் திருகினேன். எஞ்சின் பிடித்தது. சத்தத்தில் ஒரு கரகரப்பு இருந்தது. அது என் காதில் விழத்தான் செய்தது. இருந்தும் வண்டியைக் கொடுத்துவிட்டேன்.

நான்காம் நாள் காலையில் திரும்பி வந்தார்கள்.

“மேடே ஏற மாட்டேங்குது தம்பி. ஒரே கறுப்புப் பொகை. பின்னாடி வந்த லாரிக்காரன் திட்டிக்கினே போறான்” என்றார் அந்த அம்மா.

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. ஆனால் வாயில் வந்தது வேறு.

“டீசல் எங்க போட்டீங்க சார்?”

வாத்தியார் யோசித்தார். “காளஹஸ்தி போய்க்கினு இருந்தப்போ, வழியில ஒரு பங்க்ல.”

“அதான் சார். டீசல்ல தண்ணி கலந்திருக்கும்.”

அந்த அம்மா கணவர் பக்கம் திரும்பினார். “கண்ட எடத்துல போடாதீங்கன்னு அப்பவே சொன்னேன் இல்ல? உங்கள நம்பி ஒரு வேலை குடுக்க முடியுதா?”

எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தபடி, “சரி, என் தப்புதான்” என்றார்.

அவர்கள் பஸ் ஏறியதும் கவரைத் திறந்தேன். கேமின் குறி ஒரு பல் தள்ளி நின்றது. சரிசெய்துவிட்டு, இரண்டுக்குப் பதிலாக ஆறு சுற்று சுற்றிப் பார்த்தேன். வண்டி எடுக்க வாத்தியார் மட்டும் வந்தார். தண்ணீரை வடித்து டீசல் ஃபில்டரை மாற்றிவிட்டதாகச் சொன்னேன். தோளில் தட்டி, “தேங்க்ஸ்ப்பா” என்றார்.

அடுத்த சர்வீஸுக்கு வந்தபோது சிரித்துக்கொண்டே சொன்னார்: “இப்பல்லாம் டீசல் போட நான் தனியா போறதில்லப்பா. அவளும் வந்து பக்கத்துல நிப்பா.”

அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து அவர்கள் வீடு திரும்பும் நேரம் பார்த்துச் சித்தூர் போனேன். உட்காரச் சொன்னார்கள். நான் உட்காரவில்லை.

“டீசல்ல ஒண்ணுமே இல்லம்மா. நான்தான் பெல்ட்டத் தப்பா மாட்டிட்டேன். தெரிஞ்சே சார் மேல பழியப் போட்டேன்.”

அந்த அம்மா கணவர் பக்கம் திரும்பினார். “அத்தினி பேர் முன்னாடி திட்டினேனே” என்றார். அதை என்னிடம் சொல்லவில்லை.

“வுடு, பரவால்ல” என்றார் வாத்தியார். எங்களில் யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை.

“நீ கெளம்பு தம்பி” என்றார் அந்த அம்மா. குரலில் கோபமே இல்லை.

அந்தக் கார் அப்புறம் என் ஷெட்டுக்கு வரவில்லை. சித்தூரிலேயே ஒருவரிடம் விடுகிறார்களாம். வேலை தெரிந்தவர்தான்.